முதலில் கட்டிவிட்டு ரசீதோடு வா என்று சொல்லாதீர்கள்: முன்னாள் மாணவியர் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொதுக்குழுவில் பேசலாம் என்றுதான் காத்திருந்தேன். என் பொருள் வருவதற்குள் கூட்ட நேரம் முடிந்துவிட்டது. பிறகு இரண்டு கடிதங்கள் எழுதினேன். கிடைத்தது என்ற ஒரு வரிக்கு மேல் பதில் இல்லை. அதனால்தான் எல்லா உறுப்பினர்களும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தச் சங்கத்தின் ஆயுள் உறுப்பினராக இருப்பவள் நான். நீங்கள் ஊதியம் வாங்காமல் உழைப்பது எனக்குத் தெரியும். அதை மதித்துக்கொண்டே சொல்கிறேன், உதவித்தொகை கொடுப்பதில் இந்த ஆண்டு நடந்தது சரியில்லை.

விருது விழாவில் மேடைக்குப் பின்னால் வேலை பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. உதவித்தொகை பெறும் மாணவியர் மேடையேறும்போது அவர்கள் கையில் கொடுத்தனுப்ப வேண்டிய பெரிய அட்டைக் காசோலை என் பொறுப்பில் இருந்தது. மாணவியர் பதினொரு பேர், அட்டை ஒன்றுதான். ஒருத்தி படம் எடுத்துக்கொண்டு இறங்கியதும் அட்டையை வாங்கி, அவள் பெயர் எழுதிய தாளை உரித்துவிட்டு, அடுத்தவள் பெயரை ஒட்டி அனுப்ப வேண்டும். அவசரத்தில் உரித்ததில் அட்டையின் மேல்தோலும் சேர்ந்து கிழிந்துவிட்டது. கிழிசல் படத்தில் தெரியாமலிருக்க, ஏழாவதாக வந்த பெண்ணிடம் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவளும் அப்படியே செய்தாள். கீழே இறங்கி அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது, என் காதருகில் வந்து கேட்டாள்: "பணம் எப்போது வரும், மேடம்? இரண்டாம் பருவக் கட்டணத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்று சொன்னேன். உங்களை நம்பிச் சொன்ன வார்த்தை அது. நான்கு மாதம் கழித்துத்தான் பணம் வந்தது.

நம் விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். மாணவி முதலில் கட்டணத்தைக் கட்ட வேண்டும். அசல் ரசீதை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். துணைக்குழு பார்த்து, செயற்குழு ஒப்புதல் அளித்து, விழாவில் அறிவித்து, அதற்குப் பிறகு தொகை அவள் கணக்கில் சேரும். இந்த விதியை எழுதியவர்களுக்கு உள்நோக்கம் எதுவும் இருந்திருக்காது. செலவைக் காட்டிவிட்டுப் பணம் பெறுவது அலுவலகங்களில் எல்லோருக்கும் பழகிய முறை. ஆனால், கட்டணம் கட்டக் கையில் பணம் இல்லை என்பதற்காகத்தானே ஒரு பெண் நம்மிடம் வருகிறாள்? அவளிடமே கட்டிய ரசீதைக் கேட்டால் அவள் எங்கே போவாள்?

எங்கே போனாள் என்று எனக்குத் தெரியும். என் காதருகில் கேட்ட அந்தப் பெண்ணைச் சில வாரங்களுக்கு முன் நேரில் பார்த்தேன். பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினாள். முதல் பக்கத்தில் முதல் பருவக் கட்டணத்துக்காக வாங்கிய கடன் தொகை. அதன் கீழே மாதத்துக்கு ஒரு வரி: தேதி, கட்டிய வட்டி, வாங்கிக்கொண்டவரின் கையெழுத்து. நூற்றுக்கு மாதம் மூன்று வட்டி. ஒன்பது வரிகள் இருந்தன. கடன் வாங்கிய நாளிலிருந்து நம் பணம் வந்து சேர்ந்த நாள் வரை ஒன்பது மாதம். கணக்கு எளிது. நூறில் இருபத்தேழு போய்விட்டது. நம் கொடையாளர்கள் ஒரு மாணவியின் படிப்புக்கென்று கொடுத்ததில் கால் பங்குக்கு மேல், யாரோ ஒரு வட்டிக்காரருக்குப் போயிருக்கிறது. அந்த வட்டியைக் கட்டுவதற்காக அவள் மாலை நேரங்களில் இரண்டு வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இரண்டாம் பருவக் கட்டணத்தைக் கெடு தாண்டி, தண்டத்தோடு கட்டினாள். அதற்கும் வேறொரு கடன். ஹால் டிக்கெட் கைக்கு வந்தது தேர்வுக்கு முந்தைய நாள் மாலையில்.

விழாவுக்குப் பிறகும் நான்கு மாதம் ஏன் ஆயிற்று என்று விசாரித்தேன். ரசீதில் அவள் பெயருக்கு முன்னால் முன்னெழுத்து இருக்கிறது. வங்கிக் கணக்கில் அது பெயருக்குப் பின்னால் இருக்கிறது. அதற்காகக் காகிதம் திரும்பி வந்தது. திருத்திக் கொடுத்தபோது அந்தக் காலாண்டின் செயற்குழுக் கூட்டம் முடிந்திருந்தது. அடுத்த கூட்டம் வரை கோப்பு அப்படியே கிடந்தது. ஓர் எழுத்து முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதற்கு மூன்று வரி வட்டி. இதை எழுதும்போதும் எனக்குக் கை பதறுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். கட்டணக் கெடுவுக்கு முன்பே உதவித்தொகையைக் கொடுங்கள். கட்டிய ரசீதைக் கேட்பதை நிறுத்துங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு ஒரு பெண் படிப்பை விட்டுவிட்டால் என்ன செய்வது, வேறு செலவுக்கு எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற கேள்வி எழும் என்பது தெரியும். பொருளாளர் முன்பு ஒரு முறை அதைச் சொல்லியும் இருக்கிறார். அந்தக் கவலை நியாயமானதே. அதற்கு வழியும் இருக்கிறது. கல்வி நிறுவனம் கொடுக்கும் கட்டண அறிவிப்பை விண்ணப்பத்தோடு வாங்கிக்கொண்டு, தொகையை நிறுவனத்தின் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்திவிடலாம். ரசீது சங்கத்தின் பெயரிலேயே வரும், தணிக்கைக்கும் அதுவே போதும். நிதி வைப்பில் இருக்கிறது, அதன் வட்டி ஆண்டு முடிவில்தான் கைக்கு வருகிறது என்பது இரண்டாவது தடை. இந்த ஆண்டு வட்டியை அடுத்த ஆண்டு மாணவியருக்கென்று ஒதுக்கிவைத்தால் ஆண்டின் தொடக்கத்திலேயே பணம் தயாராக இருக்கும். மாறும் அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் கூடுதலாக நிதி வேண்டும். என் வகுப்புத் தோழியர் சிலரிடம் பேசினேன். எங்களால் இயன்றதைத் தரத் தயாராக இருக்கிறோம். ஆயுள் உறுப்பினர்கள் எல்லோரிடமும் கேட்டால் கொடுக்காமல் போகமாட்டார்கள்.

விழாவின் வரவேற்புரையில் செயலாளர் பெண்கல்வி வரலாற்றை அழகாகச் சொன்னார். 1643-இல் ஆன் ராட்கிளிஃப் என்ற பெண்மணி ஹார்வர்டுக்கு நூறு பவுண்டு கொடுத்து, ஏழை மாணவர் ஒருவர் படிக்க வழிசெய்ததைச் சொன்னார். அன்று அந்த வாசலுக்குள் பெண்கள் நுழைய முடியாது. இருந்தும் ஒரு பெண் கொடுத்தாள். இரண்டரை நூற்றாண்டு கழித்து, 1894-இல், அங்கே பெண்களுக்கான கல்லூரிக்கு அவள் பெயரையே வைத்தார்கள். நான் வரலாறு படித்தவள். அந்த இடத்தில் எனக்கும் கண் கலங்கியது.

அதே வரலாற்றிலிருந்து நானும் இரண்டு செய்திகளை நினைவூட்ட அனுமதியுங்கள். 1904 முதல் 1907 வரை, ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துத் தேர்ந்தும் பெண்கள் என்பதால் பட்டம் மறுக்கப்பட்ட ஏறத்தாழ எழுநூறு பேர், நீராவிக் கப்பலேறி டப்ளினுக்குப் போய், டிரினிட்டி கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் கட்டிய கட்டணத்தைக் கொண்டு அந்தக் கல்லூரி தன் மாணவியருக்கு ஒரு விடுதியை உண்டாக்கியது. தாங்கள் அலைந்து பெற்ற பட்டத்துக்குக் கொடுத்த பணம், பின்னால் வந்த பெண்களுக்குத் தங்க இடமாயிற்று. நம் மாணவி அலைந்த அலைச்சலில் யாருக்கு என்ன கிடைத்தது?

இன்னொன்று, நம்மைப் போன்ற ஒரு சங்கத்தைப் பற்றியது. 1881-இல் பாஸ்டனில் பதினேழு பட்டதாரிப் பெண்கள் கூடி ஒரு முன்னாள் மாணவியர் சங்கத்துக்கு அடித்தளம் போட்டார்கள். உயர்கல்வி பெண்ணின் உடல்நலத்தைக் கெடுத்துவிடும் என்று மருத்துவர்களே எழுதிக்கொண்டிருந்த காலம். அவர்கள் முதலில் செய்தது என்ன தெரியுமா? படித்த பெண்களுக்கே கேள்வித்தாள் அனுப்பி, உன் உடல்நலம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். வந்த பதில்களை 1885-இல் வெளியிட்டு அந்தப் பேச்சைப் பொய்யாக்கினார்கள். நாம் இத்தனை ஆண்டுகளாக உதவித்தொகை கொடுத்து வருகிறோம். பெற்றவர்களில் ஒருத்தியிடமாவது, இது உனக்கு உரிய நேரத்தில் வந்ததா என்று கேட்டிருக்கிறோமா?

கேட்டிருந்தால் வேறு சிலவும் தெரிந்திருக்கும். சாதனையாளர் விருது பெற்ற மூவரையும் அறிமுகப்படுத்தியபோது அவர்களுடைய ஆய்வையும் பொறுப்புகளையும் நூல்களையும் வாசித்தோம். அதே மேடையில் இந்தப் பதினொரு பேரை அறிமுகப்படுத்தியபோது, தந்தை இல்லாததையும் தாயின் நோயையும் வீட்டு வருமானத்தையும் ஒலிபெருக்கியில் வாசித்தோம். நான் சொல்லும் பெண் புள்ளியியலில் தன் துறையில் முதல் மதிப்பெண் வாங்கியவள். அவள் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது. அரங்கில் அவளுடைய வகுப்புத் தோழிகள் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவள் வீட்டு நிலை அவர்களுக்குத் தெரியாது.

படிப்பில் இடைவெளி இருக்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. பெண்களுக்காகப் பெண்களே நடத்தும் சங்கத்தில் அப்படி ஒரு விதி எப்படி வந்தது? பிள்ளை பெற்று, அதை வளர்த்து, எட்டு ஆண்டு கழித்துத் துணிந்து திரும்பவும் வகுப்பறைக்கு வரும் ஒருத்தியைத் தகுதியில்லை என்று படிவத்தின் இரண்டாவது வரியிலேயே திருப்பி அனுப்புகிறோம். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவளிடம் பிரமாணப் பத்திரம் கேட்கிறோம். நம்மில் எத்தனை பேர் இடையில் நின்று, மீண்டும் தொடங்கி, இந்த நிலைக்கு வந்தவர்கள்? செயற்குழுவிலேயே இருவர் இருக்கிறீர்கள். இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

கோபத்தில் சொல்ல வந்ததிலிருந்து விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்றச் சொல்லவில்லை. விழா நடக்கட்டும், சாதித்தவர்களைக் கொண்டாடுவோம். அவர்களைப் பார்த்துத்தான் பின்வரும் பெண்களுக்குத் துணிவு வரும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. கட்டணக் கெடுவுக்கு முன்பே உதவித்தொகையைக் கொடுங்கள். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொண்டு முடிவுசெய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கட்டண அறிவிப்புகளைச் சரிபார்த்து நிறுவனங்களோடு பேசும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இந்த ஆண்டுக்கான விண்ணப்பப் படிவம் விரைவில் வெளிவரப் போகிறது. அந்தப் பெண்ணின் விடுதி அறையில் இருக்கும் முதலாண்டு மாணவி ஒருத்தி நேற்று என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். அவளும் விண்ணப்பிக்க இருக்கிறாள். ரசீது வேண்டும் என்கிறார்களே, இப்போதே கடனுக்குச் சொல்லிவைக்கட்டுமா என்று கேட்டாள். இரண்டு வாரம் பொறு, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலை, அதற்குள் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் ஒருத்தி