மூன்றாம் வகுப்பு எங்கே?

எங்கள் பள்ளியின் தொடர் அங்கீகாரக் கோப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. கோப்பு எண்ணை இங்கே எழுதவில்லை. பள்ளியின் அங்கீகாரத்தைத் தொடர்ந்து தரக் கேட்டுப் பதினாறு மாதத்தில் ஏழு கடிதம் போட்டிருக்கிறேன். அது உங்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். எட்டாவதைத் திறந்த மடலாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஒட்டி அனுப்பியவை ஒட்டியபடியே கிடக்கின்றன போலிருக்கிறது.

நீங்கள் ஆய்வுக்கு வந்த அன்று கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்ததில் ஒரு மணி நேரம் தாமதம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தினமும் அதே கேட்டில்தான் நிற்கிறார்கள். தாமதமாக வருகிறவர்களை வெளியே நிறுத்தும் வழக்கமே அதனால் எங்களிடம் இல்லை. வந்தீர்கள், இருபது நிமிடம் இருந்தீர்கள். பாய்களில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "மூன்றாம் வகுப்பு எங்கே?" என்றீர்கள். "இங்கேதான் ஐயா, கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றேன். ஒரு பையனைக் கூப்பிட்டு "நீ எத்தனாவது?" என்று கேட்டீர்கள். "கணக்குல பதினாலாவது அட்டை சார், தமிழ்ல ஒன்பதாவது" என்றான் அவன். எங்களிடம் பிள்ளைகள் வகுப்புப்படி இல்லை, பாட அட்டைகளை ஒவ்வொன்றாக முடித்துத்தான் முன்னேறுகிறார்கள். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அப்புறம் கோப்பில் "வகுப்புவாரி அறைகள் இல்லை, இருக்கைகள் இல்லை" என்று எழுதியிருப்பதாகக் காதில் விழுந்தது.

காதில்தான் விழுந்தது, கைக்கு எதுவும் வரவில்லை. மறுத்து ஓர் ஆணை தந்திருந்தால் மேல்முறையீடு செய்திருப்பேன். அங்கீகாரம் தந்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். இரண்டும் இல்லாமல் "மேலே இருக்கிறது", "அடுத்த வாரம் பாருங்கள்" என்பதை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போவது? எழுத்தில் ஒரு பதில் கொடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தியின் அம்மா காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவர். விடியற்காலை இரண்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் அன்றைய கூலி. மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க மாற்றுச் சான்றிதழோடு போனார். நடப்பு ஆண்டு அங்கீகார ஆணையின் நகல் கேட்டார்கள். மறுவாரம் என் கடிதத்தோடு போனார்; கடிதம் வேண்டாம், ஆணை வேண்டும் என்றார்கள். மூன்றாம் முறை நானே கூடப் போனேன். அன்றும் ஆகவில்லை. மூன்று நாள் கூலி போயிற்று. எட்டாம் வகுப்பு வரை என்றால் கல்வி உரிமைச் சட்டத்தைக் காட்டி வாதாடியிருப்பேன். அந்தச் சட்டம் பதினாலு வயதோடு கையை விரித்துவிடுகிறது. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அந்த அம்மா கேட்டார்: "எட்டு வருஷம் படிச்சது செல்லாத நோட்டா, டீச்சரம்மா?" கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. நான் பதில் சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு தலைமையாசிரியை தன் பொறுப்பில் அவளைச் சேர்த்துக்கொண்டார். அவர் பெயரைச் சொன்னால் அவருக்கும் ஒரு விளக்கக் கடிதம் வரும் என்பதால் சொல்லவில்லை. இந்த ஆண்டு பதினோரு பேர் எட்டாவது முடிக்கிறார்கள். பதினோரு தலைமையாசிரியைகளுக்கு நான் எங்கே போவேன்?

நான்கு சான்றுகளிலும் குறை இல்லை. கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் எல்லாம் கோப்பில் இருக்கின்றன. அவற்றை வெறும் காகிதம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் ஓலைக் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள் எரிந்துபோனார்கள். அப்போது எங்கள் மொட்டை மாடியிலும் ஓர் ஓலைக் கொட்டகை இருந்தது. மறுநாள் காலை யாரும் சொல்லாமலே நானும் ஆயாவும் ஏறிப் பிரித்துப் போட்டோம். விதி எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் பாயில் உட்கார்ந்து படித்ததால் எந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று?

1988ல் ஓர் இரவுப் பாடசாலையில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தொடங்கியது என் வேலை. பகலில் ஐஸ் உடைத்துவிட்டு வரும் பத்து வயதுப் பையனையும் ஆறு வயதுத் தங்கையையும் பிரித்து உட்காரவைத்தால் இரண்டு பேருமே வரமாட்டார்கள் என்று அங்கே கற்றுக்கொண்டேன். அதற்கு முறையான வழியைக் காட்டியது உங்கள் அரசாங்கம்தான். 2003ல் சென்னை மாநகராட்சி தன் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியபோது, நானும் இரண்டு ஆசிரியைகளும் போய் வாய்பிளந்து பார்த்தோம். பாய், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி, அட்டை, கீழ்மட்டக் கரும்பலகை, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். எல்லாம் அங்கே பார்த்துக் கற்றதுதான். பின்னாளில் மாநிலம் முழுக்க அதே பாய்தான். 2022ல் அரசுப் பள்ளிகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகத்தானே பிரித்தார்கள்? அங்கே யாராவது "மூன்றாம் வகுப்பு எங்கே?" என்று கேட்டார்களா?

பிள்ளைகள் தாமே செய்து கற்கும் முறையை வகுத்த இத்தாலிய மாண்டிசோரி அம்மையார் 1939ல் வந்து இறங்கியதும் இதே சென்னைதான், அடையாற்றில். அதிலிருந்து ஒன்று புரிகிறது: வசதியுள்ள அடையாற்றில் பாய் விரித்தால் மாற்றுக் கல்வி, கொருக்குப்பேட்டையில் விரித்தால் பெஞ்சு வாங்க வக்கில்லை. அனல் மின் நிலையச் சாம்பலுக்கும் கொடுங்கையூர்க் குப்பைக்கும் கண்டெய்னர் லாரிக்கும் இடம் கொடுத்த வடசென்னையில், ஒரு பாய்க்கு மட்டும் இடமில்லை போலிருக்கிறது. சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

செயல்பாடு வழியாகவும் தேடிக் கண்டறிவதன் வழியாகவும் கற்பிக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவே சொல்கிறது. அதைத்தான் செய்கிறோமா இல்லையா என்று பார்க்க இருபது நிமிடம் போதாது ஐயா. ஒரு முழு நாள் வாருங்கள். பார்த்தபிறகு கொடுங்கள், அல்லது மறுங்கள். எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள், மாற்றுச் சான்றிதழ் எழுதும் மே மாதத்துக்குள்.

காலை எட்டரைக்கு முன்பே கேட்டைக் கடந்துவிட்டால் நல்லது. பாயில் உட்கார முழங்கால் ஒத்துழைக்காது என்றால் சொல்லியனுப்புங்கள், ஆபீஸ் அறை நாற்காலியை எடுத்துப் போட்டுவைக்கிறேன். அந்தப் பையன் இப்போது கணக்கில் முப்பத்தொன்றாவது அட்டையில் இருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் கோப்பில் உள்ள பள்ளியின் நிர்வாகி,
கொருக்குப்பேட்டை