இடைத்தேர்தலே இல்லாத நாடு

ஆசிரியருக்கு,

இலங்கைத் தேர்தலையும் நம் தேர்தலையும் ஒப்பிட்டு உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இயந்திரமா, வாக்குச்சீட்டா என்பதிலேயே பாதிக் கட்டுரை போய்விட்டது. பாலக்காட்டுக்காரனான எனக்கு உறுத்துவது இடைத்தேர்தல்.

2024-இல் எங்கள் எம்.எல்.ஏ. ஷாஃபி பரம்பில் வடகரையில் நின்று எம்.பி. ஆனார். பக்கத்துச் சேலக்கரையில் அமைச்சராக இருந்த ராதாகிருஷ்ணன் ஆலத்தூரில் ஜெயித்தார். முன்னவர் காங்கிரஸ், பின்னவர் மார்க்சிஸ்ட்; ஆக, கட்சிப் பேதம் இதில் இல்லை. இரண்டு சட்டமன்றத் தொகுதிகளிலும் இடைத்தேர்தல் வந்தது. எங்களுக்கு நவம்பர் 13 என்று தேதி குறித்தார்கள். அன்றைக்குக் கல்பாத்தித் தேர்! ஊரே தேர்வீதியில் நிற்கும்போது பூத்துக்கு யார் போவது? கட்சிகள் முறையிட்டபின் 20-க்குத் தள்ளிவைத்தார்கள்.

இரண்டு தொகுதிகளில் ஜெயித்த ராகுல் காந்தி ரேபரேலியை வைத்துக்கொண்டதால் வயநாட்டிலும் தேர்தல் வந்தது. அங்கே 13-ஆம் தேதி ஓட்டுப் போட்டவர்கள் முடிவுக்காக 23 வரை காத்திருந்தார்கள். நடுவில் 14-ஆம் தேதி இலங்கை முழுக்க வாக்களித்து, எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. அத்தனையும் காகிதச் சீட்டு, கையால் எண்ணியது. சரி, இங்கே மகாராஷ்டிர, ஜார்க்கண்ட் சட்டமன்றத் தேர்தல்களும் முடிய வேண்டியிருந்தது, புரிகிறது.

இலங்கையில் ஓர் உறுப்பினர் விலகினால் மறுபடி தேர்தல் கிடையாது. அந்த மாவட்டத்தில், அதே கட்சிப் பட்டியலில், விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் உள்ளே வருவார். வாக்காளர் முதலில் கட்சிக்குப் புள்ளடி (பெருக்கல் குறி) போட்டு, அப்புறம் அதே கட்சியின் மூன்று வேட்பாளர்கள் வரை விருப்பு வாக்குப் போடலாம். சீட்டில் வேட்பாளர் பெயர் இருக்காது, எண்தான். அதனால்தான் அங்கே சுவரொட்டியில் முகத்தோடு எண்ணையும் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். ஒரே கட்சிக்காரர்களே விருப்பு வாக்குக்காக அடித்துக்கொள்வதும் உண்டு. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். தொகுதிக்கு ஒருவர் என்ற நம் முறைக்கு அந்தப் பட்டியலும் ஒட்டாது.

ஆனால் ஒன்று செய்யலாம். ஒருவர் ஒரே இடத்தில்தான் நிற்க வேண்டும், இல்லையென்றால் இடைத்தேர்தலுக்காக அவரே பணம் கட்ட வேண்டும் என்று நம் தேர்தல் ஆணையமே 2004-இல் பரிந்துரைத்தது. இருக்கிற பதவியோடு இன்னொன்றுக்கு நிற்பவர்களையும் அதில் சேர்க்க வேண்டும் என்பேன். அந்தப் பரிந்துரை இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது என்று உங்கள் தில்லி நிருபர் விசாரித்து எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கல்பாத்தி, பாலக்காடு