பைன் காட்டு நடைக்குப் புறப்படும் முன்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

புது தில்லி
பிப்ரவரி 16

9, 11ஆம் வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்கு வணக்கம்.

ஆண்டுத் தேர்வு முடிந்து புது வகுப்பு தொடங்கும் முன், மார்ச் 22 முதல் 27 வரை பிள்ளைகளை உத்தராகண்ட் மாநிலத்தின் அல்மோரா மாவட்டத்துக்கு மலைநடைக்கு அழைத்துச் செல்கிறோம். இடம் பின்சர் வனவிலங்குச் சரணாலயமும் அதன் உள்ளே இருக்கும் சிற்றூர்களும். பெயர் கொடுத்த 28 பேருக்கும் இடம் உண்டு. உடன் வருவோர் நான்கு ஆசிரியர்கள் (இருவர் பெண்கள்), உள்ளூர் வழிகாட்டிகள் மூவர்.

22 இரவு 9 மணிக்குப் பழைய தில்லி ரயில் நிலையத்தில் கூடுகிறோம். விடிகாலையில் காத்கோதாம். அங்கிருந்து வேனில் மலையேறி, 23 பிற்பகல் இரண்டு மணி நேரம் மட்டும் நடை. 24, 25, 26 ஆகிய மூன்று நாளும் முழு நடை: நாளுக்கு 7 முதல் 10 கிலோமீட்டர், ஓய்வையும் சேர்த்து ஐந்தாறு மணி நேரம். இரவில் கிராம வீடுகளில் தங்கல். 27 காலை இறங்கி, அன்றிரவே தில்லி.

சென்ற வாரக் கூட்டத்தில் பெரும்பாலான கேள்விகள் உயரத்தைப் பற்றியே வந்தன. நாம் தொடும் மிக உயர்ந்த இடம் சுமார் 2,400 மீட்டர். உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவே. இந்த நடையைக் கெடுப்பவை வேறு. செருப்புக்கடைப் பெட்டியிலிருந்து நேராக மலைக்கு வரும் புது ஷூ, வெட்டாத கால் நகம், பருத்திச் சாக்ஸ், மறைத்த ஆஸ்துமா. நான்குமே தில்லியில், உங்கள் வீட்டில், இந்த ஐந்து வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டியவை. ஆகவே கடிதம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஷூ. இந்த மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள். மாலையில் கடைக்குப் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். நடைக்குப் போடும் தடித்த சாக்ஸையே அணிந்து அளவு பாருங்கள். கயிறு கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். அடிப்பகுதியில் ஆழமான வரிப்பள்ளம் தேவை. பள்ளிக் கறுப்பு ஷூவும் தேய்ந்த ஓட்ட ஷூவும் ஆகாது. விலை உயர்ந்த பிராண்டு வேண்டும் என்றில்லை. வாங்கியதை அலமாரியில் வைத்துவிடாமல் தினமும் பள்ளி முடிந்ததும் ஒரு மணி நேரமாவது போட்டு நடக்கச் சொல்லுங்கள். மார்ச் 22க்குள் அது பழைய ஷூ ஆகிவிட வேண்டும்.

பள்ளம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். நாம் நடக்கும் கீழ்ச்சரிவுகளில் பெரும்பகுதி 'சீர்' என்னும் வகைப் பைன் காடு. அதன் இலை ஊசி போன்றது, மூன்று மூன்றாகச் சேர்ந்தது, ஒரு சாணுக்கு மேல் நீளம். காய்ந்து உதிர்ந்த ஊசியை இந்தக் குமாவோன் பகுதி மக்கள் பிரூல் என்கிறார்கள். வசந்தத்தில் பாதை முழுக்க அதுதான் பாய் விரித்தாற்போல் கிடக்கும். பார்க்க மெத்தை, மிதித்தால் சோற்றுக் கஞ்சி கொட்டிய தரை. வழவழப்பான ஊசிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உருளுவதால் கால் மண்ணைத் தொடுவதே இல்லை. மழை பெய்யாத நாளில்தான் வழுக்கல் அதிகம். இது பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும்.

வழுக்குகிறது என்றதும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போய், கால் முன்னால் பறந்து, உட்கார்ந்த வாக்கில் விழுவார்கள். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். முழங்காலைச் சற்று மடக்கி, உடம்பைப் பாதத்துக்கு நேர் மேலே வைத்து, பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் குட்டி அடிகளாக இறங்க வேண்டும். கல்லோ புல்லோ வேரில்லாத வெறும் மண்ணோ தெரிந்தால் அங்கே மிதிக்கலாம். முன்னால் போகிறவரோடு இரண்டு மீட்டர் இடைவெளி கட்டாயம். ஒருவர் சறுக்கினால் அடுத்தவரையும் சேர்த்து வாரிவிடக் கூடாது. ஆளுக்கொரு கைத்தடி நாங்கள் தருகிறோம். ஓட்டம் கிடையாது. இதை ஆசிரியர்கள் சொல்வார்கள்தான், வீட்டிலும் ஒரு முறை சொல்லிவையுங்கள்.

இறக்கத்தின் இன்னொரு பலி கால் நகம். ஒவ்வோர் அடியிலும் விரல் ஷூவின் முனையில் இடிக்கும். நீண்ட நகமாக இருந்தால் மூன்றாம் நாள் கறுத்துவிடும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் நேராக வெட்டிவிடுங்கள், ஓரத்தை வளைத்து வெட்ட வேண்டாம். முதல் நாள் இரவே வெட்டினால் சதையோடு வெட்டிய இடம் ஆறியிருக்காது.

சாக்ஸ் மூன்று ஜோடி, கம்பளி கலந்தது அல்லது பாலியெஸ்டர். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரத் தோல் உரசினால் அரை நாளில் கொப்புளம். கொப்புளம் வரும் முன் அந்த இடம் சூடாக எரியும். அப்போதே நின்று சொல்லிவிட்டால் ஒரு துண்டு சர்ஜிக்கல் டேப்போடு முடிந்துபோகும். நம் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள், மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற கூச்சம். "எரிகிறது என்றால் உடனே சொல்" என்று பழக்கிவிடுங்கள். வந்துவிட்ட கொப்புளத்தை யாரும் குத்தக் கூடாது.

பயிற்சி: தேர்வு நேரம் என்பதால் தினம் அரை மணி நேரம் போதும். ஆனால் தட்டையான பூங்காவில் நடப்பது மட்டும் உதவாது. தில்லியில் மலைக்கு மாற்று நம் அடுக்குமாடிப் படிக்கட்டுதான். நான்கு மாடிக் குடியிருப்பாக இருந்தால் ஐந்து முறை ஏறி இறங்கட்டும். வாரத்துக்கு ஒரு முறை கூட்டி, பத்தில் நிறுத்துங்கள். இறங்குவதற்கு லிஃப்டைப் பிடிக்கக் கூடாது. ஏற்றம் மூச்சைச் சோதிக்கும், இறக்கம் தொடையைச் சோதிக்கும். பழகாத தொடைக்கு மறுநாள் காலையில் கழிப்பறையில் உட்காரக்கூட வராது. கிராம வீடுகளில் இந்திய முறைக் கழிப்பறை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைதோறும் காலை 6.30க்கு சஞ்சய் வனத்தில் கூட்டு நடை உண்டு. கடைசி இரண்டு வாரம் பையோடு வர வேண்டும். காற்றுத் தரம் மோசமான நாளில் ரத்து. முந்தின இரவே வாட்ஸ்அப்பில் தெரிவிப்போம்.

பை இரண்டு. பெரிய பை வண்டியிலும், வண்டி போகாத இடத்தில் கோவேறு கழுதையின் முதுகிலும் வரும். எடை 8 கிலோவுக்கு மிகக் கூடாது. பிள்ளை முதுகில் சுமப்பது சின்னப் பை: இரண்டு லிட்டர் தண்ணீர், மதியச் சாப்பாட்டு டப்பா, மழைக்கோட்டு, ஒரு ஸ்வெட்டர், டார்ச், விசில், சொந்த மருந்து. மொத்தம் நாலு, நாலரைக் கிலோவுக்குள். கனமானதை முதுகை ஒட்டி வைக்க வேண்டும். வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும், பிரூலில் அதுவே ஆளைத் தள்ளிவிடும். பையைப் பிள்ளையே அடுக்கட்டும். அம்மா அடுக்கிய பையில் மழைக்கோட்டு எங்கே இருக்கிறது என்று மழை வந்த பிறகும் பிள்ளைக்குத் தெரியாது.

மார்ச் கடைசியில் தில்லியில் வெயில் 30 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஸ்வெட்டரெல்லாம் பரணுக்குப் போயிருக்கும். மலையில் பகலில் அரைக்கை போதும், இரவில் ஐந்தாறு டிகிரிவரை இறங்கலாம். ஒரே தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லவை: வியர்வை சீக்கிரம் உலரும் டி-ஷர்ட், கம்பளி அல்லது ஃபிளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத கோட்டு. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காய ஒரு நாள். இந்தப் பருவத்தில் பிற்பகலில் இடியும் ஆலங்கட்டியும் சொல்லாமல் வரும். அதனால்தான் காலை 7.30க்கே நடையைத் தொடங்கி 2 மணிக்குள் வீடு சேர்கிறோம். இடி கேட்டால் முகட்டிலிருந்து இறங்கிவிடுவோம். தனித்து நிற்கும் மரத்தடியில் யாரும் ஒதுங்கக் கூடாது. சீக்கிரம் கிளம்புவதில் இன்னொரு லாபமும் உண்டு: திரிசூலும் (7,120 மீட்டர்) நந்தா தேவியும் (7,816 மீட்டர்) காலையில்தான் முகம் காட்டும், நேரம் ஆக ஆகப் புழுதிமூட்டத்தில் மறைந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கப்போகிறோம். பைன் சரிவுகள் வறண்டவை. நௌலா என்னும் பழைய கல்கட்டு ஊற்றுகள் பெரும்பாலும் ஓக் காட்டுப் பக்கம்தான் இருக்கும், அவற்றிலும் வசந்தத்தில் நீர் வரத்து குறைவு. எனவே காலையில் இரண்டு பாட்டிலும் நிரப்பிக் காட்டிய பிறகே கிளம்புவோம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நாலு மிடறு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு அனுப்புங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும். சுவைக்காக அரை பாட்டிலில் முழுப் பாக்கெட்டைக் கொட்டினால் உப்பு கூடி வாந்தியில் முடியும்.

நெருப்பு பற்றி. சில பெற்றோர் கேம்ப்ஃபயர் உண்டா என்று கேட்டிருந்தார்கள். இல்லை. உத்தராகண்டில் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை காட்டுத்தீப் பருவம். பைன் பிசினும் பிரூலும் எண்ணெயில் தோய்த்த திரி மாதிரி. 2024 ஜூனில் இதே பின்சரில் தீயை அணைக்கப் போன வனத்துறைப் பணியாளர்கள் உயிரிழந்தார்கள். தீப்பெட்டி, லைட்டர், ஊதுவத்தி எதுவும் பையில் இருக்கக் கூடாது. புகை தெரிந்தால் என்ன செய்வது என்பதை முதல் நாளே வழிகாட்டிகள் சொல்லித்தருவார்கள். தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும். ஆகவே மேலே ஏறாமல் பக்கவாட்டில் விலகி வயல், சாலை, ஓடை என்று எரிய எதுவும் இல்லாத இடத்துக்குப் போக வேண்டும். அந்த வாரம் அருகில் தீ இருந்தால் பயணத்தையே தள்ளிவைப்போம்.

பைன் மகரந்தம் மஞ்சள் பொடியாகக் காற்றில் பறக்கும் காலமும் இதுவே. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர் இரண்டு வேண்டும்: ஒன்று பிள்ளையின் சட்டைப்பையில், மற்றொன்று ஆசிரியரிடம். மருத்துவப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். வலிப்பு, இழுப்பு, ஒவ்வாமை, அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை எதை எழுதினாலும் அதற்காக மட்டும் யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம். மருத்துவரிடம் கேட்டு ஏற்பாடு செய்வோம். எழுதாமல் விட்டால்தான் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. மாதவிடாய் நாள் வரக்கூடிய பெண் பிள்ளைகள் நாப்கினும் மூடி போடும் பிளாஸ்டிக் உறையும் கொண்டுவர வேண்டும். பயன்படுத்தியதைக் காட்டில் விடாமல் திரும்பக் கொண்டுவருவோம். உடன் வரும் ஆசிரியைகளிடம் கூச்சமின்றிச் சொல்லலாம்.

நடை வரிசையில் முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் ஓர் ஆசிரியர். மெதுவாக நடக்கும் பிள்ளை இரண்டாவது ஆளாகப் போவார். பின்னால் விட்டால் அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வு முடித்துக் கிளம்பிவிடுவார்கள், அவருக்கு ஓய்வே கிடைக்காது. ஐம்பது நிமிடம் நடை, பத்து நிமிடம் ஓய்வு, ஓய்வுதோறும் தலை எண்ணிக்கை. சிறுத்தை நடமாடும் காடு என்பதால் பொழுது சாய்ந்த பின் யாரும் தனியாக வெளியே போக முடியாது, கழிப்பறைக்கும் துணை உண்டு. பாதையோரம் பிச்சூ காஸ் என்றொரு செடி, நம் ஊர்க் காஞ்சொறி போல. பட்டால் தேய்க்காமல் தண்ணீர் ஊற்ற வேண்டும், சில மணி நேரத்தில் எரிச்சல் அடங்கும். மரத்தில் பிசின் வடிக்கக் கட்டிய கிண்ணங்களைத் தொடக் கூடாது. அது ஒருவரின் கூலி. கூம்பு, பூ எதையும் சரணாலயத்திலிருந்து எடுத்துவர அனுமதி இல்லை. புரான்ஸ் மரங்கள் சிவப்பாகப் பூத்திருக்கும், போட்டோவோடு திருப்தி அடையட்டும்.

சாப்பாடு முழுக்கச் சைவம்: சோறு, பருப்பு, ரொட்டி, உருளைக்கிழங்கு. மண்டுவா ரொட்டி என்றால் கேழ்வரகு ரொட்டிதான். பாங்க் சட்னி என்ற பெயரைக் கேட்டு யாரும் பதற வேண்டாம். அது கஞ்சாச் செடியின் விதையை வறுத்து அரைத்தது, விதையில் போதை கிடையாது. முதல் நாள் இரவு ரயிலுக்குப் புளிசாதம் கட்டிக்கொடுங்கள். மறுநாள் காலை மலைவளைவுகளில் வேன் திரும்பும்போது வயிறு நிறையப் பால் குடித்த பிள்ளைகள்தான் முதலில் வாந்தி எடுப்பார்கள். அன்று இரண்டு வாழைப்பழமும் பிஸ்கட்டும் போதும். வாந்திக்கு மாத்திரை வழக்கமுள்ளவர்கள் மருத்துவர் சீட்டோடு அனுப்புங்கள்.

கைபேசிகளை ரயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்வோம். தினமும் இரவு 7 மணிக்கு வகுப்புக் குழுவில் ஒரு செய்தி வரும். சிக்னல் கிடைக்காத இரவில் மறுநாள் காலை வரும். கைச்செலவுக்கு 500 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள்.

ஒப்புதல் படிவமும் மருத்துவப் படிவமும் பிப்ரவரி 28க்குள் வகுப்பாசிரியரிடம் சேர வேண்டும். மார்ச் 20 மாலை 5 மணிக்குப் பள்ளி அரங்கில் பைகளைத் திறந்து பார்ப்போம். பிள்ளை ஷூ அணிந்து வர வேண்டும், பெற்றோரில் ஒருவராவது உடன் வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு. ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில் அனுப்ப வேண்டாம். சிறு டப்பாவில் தேங்காய் எண்ணெய் அனுப்பலாம்: கையிலும் துணியிலும் ஒட்டிய பைன் பிசின் சோப்புக்கு அசையாது, எண்ணெய் தேய்த்த பிறகு சோப்புப் போட்டால் போய்விடும்.