எந்தப் பாகம், யார் கையில்?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பட்டறைக்குப் புதிய மில்லிங் மெஷின் வந்திருப்பதும், பெரியவள் கல்லூரியில் சேர்ந்த கையோடு ரோபோ குழுவிலும் சேர்ந்துவிட்டதும் அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கே எல்லோரும் நலம். யார் எந்தப் பாகத்தைச் செய்கிறார்கள் என்பதே அவர்கள் குழுவில் யாருக்கும் தெரிவதில்லை என்று அவள் புலம்புவதாக எழுதி, நான் வழிகாட்டும் பள்ளிக் குழுவில் அதை எப்படிச் சமாளிக்கிறோம் என்றும் கேட்டிருந்தாய். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அவளிடமும் படிக்கக் கொடு.

மிச்சிகனில் எங்கள் மாணவர்கள் கலந்துகொள்ளும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில், ரோபோக்கள் ஆட வேண்டிய அந்த ஆண்டின் ஆட்டம் என்னவென்பதை ஜனவரி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமைதான் அறிவிப்பார்கள். மார்ச் பிறக்கும்போது மாவட்டப் போட்டிகள் தொடங்கிவிடும். 2019 வரை ஆறு வாரங்களில் ரோபோவைப் பையில் போட்டு முத்திரையிட வேண்டும் என்ற விதி இருந்தது. 2020 பருவத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். எல்லோரும் நிம்மதி என்றார்கள். ஆனால் பட்டறைக்கு அதனால் வேலை கூடியது என்பதே என் கருத்து. ஏனெனில் போட்டிக்கு முந்தைய நாள் வரை வடிவமைப்பாளர்கள் பாகங்களைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள், பழைய டிராயிங்கை வைத்து ஒருவன் வெட்டிக்கொண்டிருக்கும்போதே புதியது திரையில் ஏறிவிடுகிறது.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண். குழு எண், ஆண்டு, தனிப்பாகமா, பல பாகங்கள் சேர்ந்த கூட்டுப்பாகமா என்பதைக் காட்டும் ஓர் எழுத்து, பிறகு வரிசை எண் என்பது இங்கே பல குழுக்களின் வழக்கம். நூறாவது எண் கூட்டுப்பாகம் என்றால் அதில் அடங்கும் தகடுகளும் தண்டுகளும் நூற்றொன்று, நூற்றிரண்டு என்று போகும். அந்த எண்ணோடு, எத்தனையாவது திருத்தம் என்பதைக் காட்டும் எழுத்தும் சேர்ந்து டிராயிங்கின் மூலையில் இருக்க வேண்டும், இயந்திரத்திலிருந்து எடுத்தவுடன் மார்க்கரால் பாகத்தின் மேலேயே எழுதப்படவும் வேண்டும். இடம் வலம் மாறிய ஜோடித் தகடுகளுக்கு ஒரே எண் கொடுத்து 'இரண்டு தேவை' என்று குறித்தால், இரண்டும் இடப்பக்கத் தகடாகவே வந்து சேரும். தகட்டில் ஒரு பக்கம் மட்டும் ஸ்க்ரூ தலைக்குக் குழி இருந்தால் திருப்பிப் போட்டும் பயனில்லை. எங்கள் பிள்ளைகள் இரண்டு இடப்பக்கத் தகடுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றைப் பலவிதமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த மாலைக்குப் பிறகு, வலத்துக்குத் தனி எண் என்பது மாற்ற முடியாத சட்டமாகிவிட்டது.

இந்தப் பாகங்களையும் அவற்றின் நிலையையும் காட்டும் அட்டவணையை எதில் வைப்பது என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. கலிபோர்னியாவின் 254ஆம் எண் குழு தனக்கென்று எழுதிய 'சீஸி பார்ட்ஸ்' என்ற மென்பொருளை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்திருக்கிறது. நாங்கள் சாதாரண விரிதாள் ஒன்றிலேயே ஓட்டுகிறோம். பள்ளி முடிந்து உள்ளே நுழையும் பதினைந்து வயதுப் பிள்ளை, எந்தப் பெரியவரையும் கேட்காமல், இன்று நான் செய்யக்கூடிய அடுத்த வேலை எது என்று அதில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம். எனவே பாகத்தின் பெயரைவிட எந்த இயந்திரம், எந்தப் பொருள், என்ன தடிமன் என்ற மூன்று பத்திகள்தான் அதிகம் பயன்படுகின்றன. கால் அங்குல அலுமினியத் தகடு என்று வடிகட்டினால், ஒரே ஷீட்டில் அடுக்கி ஒரே செட்டிங்கில் வெட்டக்கூடிய பாகங்கள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அறுகோணத் தண்டுகளுக்கும் அப்படியே. நீளம் வேறுபட்டாலும் முனையில் துளையிட்டு மரை போடும் வேலை ஒன்றுதான் என்பதால், லேத்தில் ஒருவன் நின்றால் அன்றைக்கு எல்லாத் தண்டுகளையும் முடித்துவிட்டுத்தான் நகர வேண்டும். (மில்லிமீட்டரிலேயே வாழ்கிற நீ சிரிப்பாய், இங்கே தண்டு அரை அங்குலம், பேரிங் துளை 1.125 அங்குலம்.)

முன்னுரிமையை வடிவமைப்பாளரிடம் கேட்டால் எல்லாமே அவசரம் என்பார். நாங்கள் அதைப் பொருத்தும் வரிசையிலிருந்து எடுக்கிறோம். ஓடும் அடித்தளம் முதலில், ஏனெனில் அது சக்கரத்தில் நின்றால்தான் நிரல் எழுதும் பிள்ளைகளுக்குச் சோதித்துப் பார்க்க ஏதாவது கிடைக்கும். நெரிசல் எப்போதும், கணினிக் கட்டுப்பாட்டில் தகடு வெட்டும் சிஎன்சி ரூட்டரில்தான். அதன் முன் மூன்று வேலைக்கு மேல் வரிசையில் நின்றால், எளிய பாகங்களைக் கைவேலைக்குத் திருப்பிவிடுகிறோம்: டிராயிங்கை அசல் அளவில் அச்சிட்டு, தகட்டில் ஒட்டி, துளை வரும் இடத்தில் சென்டர் பஞ்சால் சிறு குழி அடித்து, டிரில்லிங் மெஷினில் துளையிட்டால் சாதாரண பிராக்கெட்டுக்கு அது தாராளமாகப் போதும். தாளில் ஓர் அங்குலச் சதுரம் ஒன்றையும் சேர்த்து அச்சிட்டு வெர்னியரால் அளந்துவிடச் சொல், பிரிண்டர் தன் இஷ்டத்துக்குச் சுருக்கிவிடும்.

எங்கள் அட்டவணையில் அதிகம் சண்டை நடந்தது 'முடிந்தது' என்ற நிலையைப் பற்றித்தான். வெட்டியவன் வெட்டியதோடு முடிந்தது என்று குறித்துவிடுவான். பிசிறு எடுப்பது யாருக்கும் பிடிக்காத வேலை என்பதால், ஓரம் கையைக் கிழிக்கும் தகடுகள் மேசை மேல் குவிந்து கிடக்கும். இப்போது பிசிறு எடுத்தல் தனி நிலை, சரிபார்த்தல் தனி நிலை. சரிபார்ப்பவர் பாகத்தைச் செய்தவராக இருக்கக் கூடாது. அவர் டிராயிங்கோடு வைத்து அளந்து, பேரிங் துளை இருந்தால் உண்மையான பேரிங்கையே அழுத்திப் பார்த்து, கையெழுத்திட்ட பிறகே பாகம் அதற்குரிய கூட்டுப்பாகப் பெட்டிக்குள் போகும். விரலால் தள்ளினாலே பேரிங் உள்ளே விழுந்துவிட்டால் மறுபடி செய்ய வேண்டியதுதான். அதைப் பொருத்தும் மேசையில் கண்டுபிடிப்பதைவிட இங்கே கண்டுபிடிப்பது மலிவு.

இத்தனையையும் புதுப்பித்துக்கொண்டிருக்க ஒரு மாணவர் பொறுப்பாக வேண்டும். எங்களிடம் அதைப் பார்ப்பவள் பதினொன்றாம் வகுப்பு மாணவி. ரூட்டர் பக்கமே போகமாட்டாள், ஆனால் அவள் வராத நாளில் பட்டறை தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். உன் மகளுக்கு இந்த வேலையை ஏற்றுக்கொள்ளச் சொல்லலாம். முதல் வாரத்தில் எண்களையும் 'முடிந்தது' என்பதன் வரையறையையும் மட்டும் நிலைநிறுத்தட்டும், மற்றவை பிறகு வரட்டும்.

உன் பட்டறையில் வேலையோடு கூடவே சுற்றும் ஜாப் கார்டின் படம் ஒன்றை அனுப்பிவை. எங்கள் பிள்ளைகள் டிராயிங்கின் பின்பக்கத்தில் கிறுக்குவதற்குப் பதிலாக அப்படி ஓர் அட்டையை அச்சிட்டுத் தரலாம் என்று பார்க்கிறேன். ரிஜெக்‌ஷனுக்குக் காரணம் எழுத அதில் இடம் விட்டிருக்கிறாயா என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்