கலியாண வீட்டுக் கசெட்டுகளை எறிய விடாதீர்கள்

கனடாவிலுள்ள ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்,

வணக்கம். ஆண்டு மலருக்குப் பழைய படம் கேட்கிறீர்கள். உறுப்பினர்கள் அல்பத்தைக் கைபேசியில் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். அது போதாது. 1995இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது அல்பங்களை விட்டுவிட்டு வெளிக்கிட்ட குடும்பங்கள் பல. அவர்களின் வீடும் ஒழுங்கையும் எஞ்சியிருந்தால், அதற்கு முன் வெளிநாட்டு உறவினருக்கு வந்த படங்களிலும் வீஎச்எஸ் கசெட்டுகளிலும்தான்.

இலங்கையில் எடுத்த கசெட் பிஏஎல் என்ற ஒளிபரப்பு முறை: 625 கோடு, விநாடிக்கு 25 படம். கனடா டெக் (கசெட்டை ஓடவிடும் பெட்டி) என்டிஎஸ்சி என்ற வேறு முறை, 525 கோடு. அதில் போட்டால் படம் உருளும், நிறம் போகும். பழுது என்று நினைத்து நல்ல கசெட்டையே குப்பையில் போடுகிறார்கள். பல முறைகளிலும் ஓடும் பழைய டெக் ஒன்றைச் சங்கமே வாங்கலாம். நிலவறையில் கிடந்த கசெட்டை ஒருநாள் அறைச் சூட்டில் வைத்த பிறகே ஓடவிடுங்கள். கண்ணாடி வழியே நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடவே வேண்டாம். நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் தொற்றும். எஸ்-வீடியோ வயரால் கணினிக்கு எடுத்து, மூலப் பிரதியைத் தரம் குறையாத எஃப்எஃப்வி1 கோப்பாக வையுங்கள். மணிக்கு ஏறத்தாழ 30 ஜிபி பிடிக்கும். பார்க்க எம்பி4 போதும்.

வெட்டித் திருத்த வேண்டாம். எல்லோரும் தாலிகட்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டுகிறார்கள். எங்களுக்கோ பந்தியில் இருப்பவர்கள், அடுப்படி, கிடுகு வேலி, வீடியோக்காரர் தெருவை எடுத்த அந்த இரண்டு நிமிடம்தான் பெறுமதி. ஊரை அறியாமல் இங்கே பிறந்த பிள்ளை தன் ஊரைக் காண்பது அங்கேதான்.

படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் கோப்பாக ஸ்கான் செய்யுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து: ஸ்டுடியோ முத்திரை ஊரைச் சொல்லும். பசை அல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்தால் மேற்படை கிழியும். பக்கத்தோடு ஸ்கான் செய்வதே மேல். அம்மம்மாவை இருத்தி, இடமிருந்து வலமாக யார், எந்தக் குறிச்சி, யாருடைய மகள் என்று குரலில் பதியுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டெக்கை அடுத்த வருடமும் வாங்கலாம்.

சாமத்திய வீட்டு (பூப்புனித விழா) கசெட் வேறு கதை. அதிலிருந்த சிறுமிக்கு இன்று ஐம்பது வயதாக இருக்கலாம். கசெட்டைத் தந்தவரின் சம்மதம் போதாது, அந்தப் பெண்ணையே கேளுங்கள். மாட்டேன் என்றால் பிரதியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள், மண்டபத்தில் போட வேண்டாம்.

மலர் அச்சிடும் செலவில் ஒரு பகுதியை இந்த ஆண்டு இதற்கு ஒதுக்கும்படி கேட்கிறோம். சேர்ந்த கோப்புகளில் சம்மதம் உள்ளவற்றை, 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் ‘நூலகம்’ என்ற இணைய ஆவணகம் போன்ற இடத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். செயலாளரின் மடிக்கணினியோடு அவை போய்விடக் கூடாது.