பொருள்: ‘தொடாமல் பார்க்கும் யானைக் காப்பகம்’ என்று சொல்லி சவாரி முகாமில் இறக்கிவிட்டது – ரூ. 27,200 திரும்பத் தரக் கோரி (ஐந்தாவது கடிதம்)

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் நான்கு கடிதங்களுக்கும் “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்து சொல்லவில்லை. பணத்தைக் கேட்டேன்.

தாய்லாந்தின் சியாங் மாய் ஊருக்கான உங்கள் பேக்கேஜில் மூன்றாம் நாள் என்னவென்று உங்களுக்கே தெரியும், நீங்கள் போட்டதுதானே. சவாரி இல்லை, அங்குசம் இல்லை, யானையைக் குளிப்பாட்டுவதுகூட இல்லை, தள்ளி நின்று பார்ப்பது மட்டும். அதற்காகத்தான் தலைக்கு ரூ. 6,800 என்று நான்கு பேருக்குக் கட்டினோம்.

7.30க்கு வரவேண்டிய வண்டி 9 மணிக்கு வந்தது. சரி, அதை விடுங்கள். வடக்கே மே தேங் பக்கம் என்று டிக்கெட்டில் இருக்கிறது, வண்டி தெற்கே போகிறது. மொபைலில் மேப்பைக் காட்டிக் கேட்டால் டிரைவர் சிரித்துக்கொண்டே “சேம் சேம்” என்கிறார்.

வாசலில் ஆங்கிலத்தில் சரணாலயம் என்று ஆள் உயரப் பலகை. உள்ளே முதுகில் இரும்பு நாற்காலி கட்டிய யானைகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று மட்டும் கால் சங்கிலியோடு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தது. சந்தோஷத்தில் ஆடுகிறது என்றார் மாமியார். “இல்ல பாட்டி, கட்டியே போட்டா இப்படித்தான் ஆடும்” என்றாள் என் மகள். பதினோரு வயது. இந்த ஒரு நாளுக்காக ஆறு மாதம் யானைகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தவள்.

பாகன் வெறுங்கையோடு இருப்பதாகத்தான் நினைத்தேன். கிட்டே போனால் விரல் இடுக்கில் ஓர் ஆணியின் முனை. யானையின் காதுக்குப் பின்னால் காய்ந்தும் காயாததுமாகப் புள்ளி புள்ளியாகப் புண். அவரை நான் குறை சொல்லவில்லை. 1989-இல் தாய்லாந்தில் காட்டு மரம் வெட்டத் தடை வந்த பிறகு, மரம் இழுத்த யானைகளுக்கும் பாகன்களுக்கும் சுற்றுலாதான் பிழைப்பு. ஒரு யானைக்குத் தினமும் நூற்றைம்பது கிலோ தீனி போட வேண்டும், அவருக்கு அந்த நெருக்கடி. உங்களுக்கு என்ன நெருக்கடி?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். 14ஆம் தேதி போனில் பேசிய உங்கள் ஊழியரை மட்டும் முடியாது. “யானையப் பாத்தீங்கல்ல மேடம்? அப்புறம் என்ன?” என்றார். அது சவாரி முகாம் என்றேன். “தொடாம பாக்கணும்னா நீங்க தொடாம இருந்திருக்கலாமே” என்றார். அதோடு பாட்டைப் போட்டுக் காத்திருக்க வைத்தார். பதினெட்டு நிமிடம். அந்த அழைப்பைப் பதிவு செய்வதாக நீங்களே சொல்கிறீர்கள், தயவுசெய்து ஒரு முறை போட்டுக் கேளுங்கள்.

அதற்கு முந்தின வாரம் லீவு போட்டு, திருச்சியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து உங்கள் சென்னை அலுவலகத்துக்கு வந்தேன். சார் மீட்டிங்கில் இருக்கிறாராம். மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, ஆன்லைனில் புகார் போடுங்கள் என்றார்கள். நாலு முறை போட்டாயிற்று என்று காட்டினேன். கிளம்பும்போது புது விளம்பரப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அட்டையில் யானை!

முகாமுக்குப் போன அன்று மாலை சியாங் மாயின் தோய் சுதேப் கோயிலுக்குப் போயும் யாருக்கும் மனசு ஒட்டவில்லை. மகள் ஒரு போட்டோவுக்குக்கூட நிற்கவில்லை. எங்கள் ஜென்மத்துக்கு ஒரே வெளிநாட்டுப் பயணம் அது, நியாயமாகப் பார்த்தால் மொத்தச் செலவையும் கேட்க வேண்டும். நான் கேட்பது மூன்றாம் நாளுக்கான ரூ. 27,200, சென்னை வந்துபோன ரூ. 1,900, அந்த ஊழியரிடமிருந்து எழுத்தில் ஒரு மன்னிப்பு.

உங்கள் நிறுவனத்தின் மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை இருப்பதால் 15 நாள் தருகிறேன். அதற்குள் பணம் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுவேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஏமாற்று விளம்பரமும் குற்றம்தான். ஐந்து லட்சம் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். மன உளைச்சலுக்கு இரண்டு லட்சத்தையும் அங்கே சேர்த்துக்கொள்வேன். உங்கள் விளம்பரம், டிக்கெட், போட்டோ எல்லாம் இணைத்திருக்கிறேன். அந்த அளவுக்குப் போகாமல் முடித்துவைப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
நாலு டிக்கெட் எடுத்த வாடிக்கையாளர்,
திருச்சி

பி.கு.: முகாமில் வாங்கிய வாழைப்பழக் கூடைக்கான 100 பாட் (தாய்லாந்துப் பணம்) கணக்கில் சேர்க்கவில்லை. அந்தப் பழங்களைச் சங்கிலியில் நின்ற யானை தின்றது.