உங்கள் சார்ஜருக்குத் தெரிந்ததை எங்களிடமும் சொல்லுங்கள்: மின்வாகன நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மின்வாகனங்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றின் சேவைப் பிரிவுகளை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டு என் கார் வீட்டு மின்னிணைப்பில் சார்ஜ் ஏற மறுத்தது. மறுத்தது என்பதும் முழுக்கச் சரியில்லை. பிளக்கைச் செருகியதும் கேபிளின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) விழும் ஓசை கேட்கும், மின்சாரம் பாயும், ஏறத்தாழ 20 நிமிடங்களில் எல்லாம் நின்றுவிடும். திரையில் ஒவ்வொரு முறையும் ஒரே வாசகம்தான்: ‘சார்ஜிங் அமைப்பில் பழுது. சேவை மையத்தை அணுகவும்.’ அணுகினேன். சேவை மையத்தின் இணைப்பில் அதே கார், அதே கேபிளில், இரண்டு மணி நேரம் தடையின்றி ஏற்றிக்கொண்டது. முதல் முறை பழுது ஏதுமில்லை என்று அனுப்பிவைத்தார்கள். இரண்டாம் முறை போனபோது, வண்டிக்குள் இருந்து வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றதாக மாற்றும் ஆன்போர்டு சார்ஜரை முழுதாக மாற்றிவிடுவதே நல்லது என்றார்கள்.

நான் மாற்றவில்லை. தெரிந்த மின்பணியாளர் ஒருவரை அழைத்து அளந்து பார்க்கச் சொன்னேன். சுமை இல்லாதபோது சாக்கெட்டில் 233 வோல்ட் இருந்தது. கார் 13 ஆம்பியர் இழுக்கத் தொடங்கியதும் அது 208 ஆக இறங்கியது. இடையில் காணாமற்போன 25 வோல்ட்டை 13 ஆம்பியரால் பெருக்கினால் 325 வாட் வருகிறது. அதில் பெரும்பகுதி வெப்பமாகச் சுவருக்குள்ளும் சாக்கெட்டுக்குள்ளும் இறங்கிக்கொண்டிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சாக்கெட்டைக் கழற்றியபோது, நியூட்ரல் கம்பியைப் பிடித்திருக்க வேண்டிய திருகு தளர்ந்து, கம்பியின் உறை கருகியிருந்தது. பிளக்குக்குள் இருக்கும் வெப்ப உணரி அந்தச் சூட்டை உணர்ந்து, கட்டுப்பாட்டுப் பெட்டி மூலம் மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறது. பழுது என் வீட்டுச் சுவரில்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சார்ஜர் குற்றமற்றது, கேபிளோ தன் கடமையைச் சரியாகச் செய்தது.

ஆனால் என் முறையீடு இங்கேதான் தொடங்குகிறது. மின்சாரத்தை நிறுத்தியது வண்டி அல்ல என்பது வண்டிக்கே தெரியும். மின்வழங்கும் பெட்டியும் வண்டியும் தமக்குள் செய்தி பரிமாறும் பைலட் கம்பியில் நொடிக்கு 1,000 முறை எழுந்து தாழும் சதுர அலை ஒன்று ஓடுவதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அதை அமைத்தவர்களே நீங்கள்தான். கேபிள் வண்டியில் சேராதபோது அந்தக் கம்பியில் அலையின்றி நிலையாக 12 வோல்ட் இருக்கும்; சேர்ந்ததும் மேல்மட்டம் 9, வண்டி ஏற்றிக்கொள்ளத் தயாரானதும் 6. ஒவ்வொரு சுற்றிலும் அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பது வண்டி இழுக்கக்கூடிய மின்னோட்டத்தின் உச்ச அளவைச் சொல்கிறது: 10 விழுக்காடு என்றால் 6 ஆம்பியர், 50 விழுக்காடு என்றால் 30 ஆம்பியர். கட்டுப்பாட்டுப் பெட்டி தன் பக்கத்துக் கோளாறுக்காக நிறுத்தும்போது இந்த அலை அறுபடுகிறது. வண்டி தானாக நிறுத்தினாலோ, வண்டியே முதலில் மின்னழுத்த நிலையை மாற்றுகிறது. யார் முதலில் கையை எடுத்தது என்பதை வண்டியின் கணினி அறியும். என் திரையில் ‘மின்வழங்கல் பக்கத்திலிருந்து நிறுத்தப்பட்டது’ என்ற மூன்று சொற்கள் வந்திருந்தால், நான் அன்றைக்கே சாக்கெட்டைச் சோதிக்கச் சொல்லியிருப்பேன்.

ஆன்போர்டு சார்ஜர் கெடாத பொருள் என்று நான் வாதிடவில்லை. மாறுதிசை மின்சாரத்தை வடிகட்டி, ஏறத்தாழ 400 வோல்ட் நேர்திசை மின்சாரமாக உயர்த்தி, மின்மாற்றி வழியே பேட்டரிக்கு அனுப்பும் அந்தப் பெட்டிக்குள், தொடக்க மின்பாய்ச்சலைத் தாங்கும் மின்தடை எரிந்துபோகலாம், அதன் ரிலே ஒட்டிக்கொள்ளலாம், மின்தேக்கிகள் வற்றலாம், குளிர்நீர் கசிந்து உள்ளே புகலாம். ஆனால் சார்ஜர் கெட்டதுபோல் தோற்றம் தரும் காரணங்கள் அதற்கு வெளியேதான் மிகுதி. 12 வோல்ட் துணை பேட்டரி சோர்ந்திருந்தால், பெரிய பேட்டரியை இணைக்கும் காண்டாக்டர்கள் என்னும் பெரிய சுவிட்சுகள் மூடுவதற்கே வலுவிருக்காது. முதலில் அளக்க வேண்டியதும் அதைத்தான், அதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். சார்ஜிங் துளையில் கேபிளைப் பூட்டும் சிறு மோட்டார் சிக்கிக்கொண்டாலும் ஏற்றம் தொடங்காது. குளிர்நீர்ப் பம்பு நின்றுவிட்டால் சார்ஜர் சூடேறித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வேகம் குறைந்ததெல்லாம் பழுதும் அல்ல. 13 ஆம்பியர் கேபிளில் 230 வோல்ட்டுக்கு 3 கிலோவாட்டுக்கு மேல் கிடைக்காது. மும்முனை இணைப்புக்கென அமைந்த 11 கிலோவாட் சார்ஜர், 16 ஆம்பியர் ஒருமுனை இணைப்பில் 3.7 கிலோவாட்டோடு நின்றுவிடும். இதைத் திரையிலேயே ஒரு வரியில் எழுதினால், பழுதென்று எண்ணி உங்களிடம் வருபவர்களின் வரிசை கொஞ்சம் குறையும்.

எர்த் இணைப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ரெனோ நிறுவனத்தின் ஸோயி என்ற மின்காரின் தொடக்க கால வண்டிகளில் மோட்டாரின் கம்பிச்சுருள்களையே சார்ஜரின் பகுதியாகப் பயன்படுத்தினார்கள். மின்வழங்கலையும் வண்டியையும் பிரித்துவைக்கும் மின்மாற்றி அதில் இல்லை. கெட்டிக்கார வடிவமைப்புதான். ஆனால் அதனாலேயே அந்த வண்டி எர்த்தின் தரத்தில் மிகக் கண்டிப்பாக இருந்தது. வேறு கார்கள் தயங்காமல் ஏற்றிக்கொண்ட இணைப்பை அது நிராகரிக்கும். நிராகரிப்பதில் தவறில்லை. ‘எர்த் போதவில்லை’ என்று அளவோடு சொல்லும் வண்டியின் உரிமையாளர் மின்பணியாளரிடம் போகிறார். ‘பழுது’ என்று மட்டும் சொல்லும் வண்டியின் உரிமையாளர் உங்களிடம் வருகிறார்.

இன்னொரு எளிய சோதனையையும் உங்கள் கையேடுகள் சொல்வதில்லை. வேக சார்ஜிங் நிலையத்திலிருந்து வரும் நேர்திசை மின்சாரம் ஆன்போர்டு சார்ஜரைத் தொடாமலேயே பேட்டரிக்குப் போகிறது. ஆகவே அங்கே ஏறி வீட்டில் மட்டும் ஏறாத வண்டியில், பேட்டரியின் மீதான சந்தேகத்தைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு, சார்ஜரையும் அதற்கு முன்னால் உள்ள இணைப்பையும் பார்க்கலாம். இரண்டு இடத்திலும் ஏறாத வண்டியில் சார்ஜரை மட்டும் குற்றவாளியாக்குவது அவசர முடிவாகும். நான்கு வரியில் எழுதக்கூடிய இந்த அறிவுரை 400 பக்கக் கையேட்டில் எங்கும் இல்லை. இருக்கைகளை எப்படித் துடைப்பது என்பதற்கு மூன்று பக்கங்கள் இருக்கின்றன.

பாதுகாப்புக்காகவே விவரங்களை மறைக்கிறோம் என்று சிலர் சொல்லக்கூடும். சார்ஜரின் மூடியை உரிமையாளர் திறக்கக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. கேபிளைக் கழற்றிய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம், உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஆனால் நான் கேட்பது மூடியைத் திறக்கும் உரிமையை அல்ல, வண்டி ஏற்கெனவே அளந்து வைத்திருக்கும் எண்களைப் படிக்கும் உரிமையை. மறைப்பதால் என்ன பாதுகாப்பு கிடைத்தது என்று பாருங்கள்: ‘பழுதில்லை’ என்ற உங்கள் சான்றை நம்பி, அந்தக் கருகிய சாக்கெட்டில் இன்னும் ஐந்து வாரங்கள் இரவுதோறும் காரைச் செருகி வைத்துவிட்டு நாங்கள் தூங்கினோம்.

பெட்ரோல் கார்களுக்கு இந்தச் சிக்கல் ஒருவாறு தீர்ந்தது. அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான, காரின் கணினி தன் பழுதுகளைப் பொதுக் குறியீடுகளாகச் சொல்லும் ஓபிடி-2 முறையால், எந்தப் பட்டறையும் எந்தக் காரின் அடிப்படைப் பழுதுக் குறியீட்டையும் படிக்க முடிந்தது. அது புகை மாசைக் கட்டுப்படுத்த வந்த விதி; புகைக்குழாயே இல்லாத மின்வாகனங்கள் அதற்குள் சிக்கவில்லை. கலிஃபோர்னியா 2022-இல் ஏற்ற விதிகள்தாம், 2026 மாடல் ஆண்டு முதல், மின்வாகனத் தரவுகளையும் பொது வடிவில் தரும்படியும், பழுதுபார்க்கும் தகவலைத் தனிப் பட்டறைகளுக்கும் அளிக்கும்படியும் கேட்டன. ஓரிடத்தில் சட்டம் கேட்டதை மற்ற இடங்களில் ஒரு மென்பொருள் புதுப்பிப்பாகத் தருவதற்கு உங்களுக்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எனவே, சார்ஜிங் நின்றுபோன ஒவ்வொரு முறையும், நிறுத்தியது எந்தப் பக்கம், அந்த நொடியில் இருந்த மின்னழுத்தம், பைலட் அனுமதித்த ஆம்பியர், எர்த்தின் நிலை, சார்ஜிங் துளையின் வெப்பம், 12 வோல்ட் பேட்டரியின் அளவு ஆகியவற்றைத் திரையில் ஒரு பக்கமாகக் காட்டுங்கள். உங்கள் சேவை மையங்கள் சார்ஜரை மாற்றப் பரிந்துரைக்கும்போது, எந்த அளவீடு அதைக் கெட்டதென்று காட்டியது என்பதை எழுத்தில் தரட்டும். ஒரு ஃபியூஸோ ரிலேயோ மட்டும் போயிருந்தால் அதைத் தனியே வாங்க வழி செய்யுங்கள். முழுப் பெட்டியையும் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், கழற்றிய பெட்டியை உரிமையாளரிடமே கொடுத்துவிடுங்கள். அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் பட்டறைகளில் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சாக்கெட்டை மட்டும் மாற்றிய ஒரு மின்வாகன உரிமையாளர்